கோடையைத் தாண்டும் கொல்லைத் தோட்டம்

பாலை நிலத்தில் வீட்டுத் தோட்டம் பேணுவது பற்றி எழுதப் போகிறோம் என்று நண்பர் ஒருவரிடம் கூறினோம். அவர் நகைத்தார். "நீங்கள் குடியிருப்பது கல்வராயன் மலையில். கரியாலூரில் ஏது ஐயா பாலை?" என்று கேட்டார். விடுமுறை நாளில் அருவி காண மலையேறி வருவோர் யாவரும் அவ்வாறே கேட்பர். அவர்கள் வருவது மழை முடிந்த கையோடு, மலை பச்சையாயிருக்கும் நாளில். பங்குனி, சித்திரையில் வந்து பார்த்தவருக்கு இந்த ஐயம் எழாது.

நண்பர் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே நிலநூலார் பாலைவனம் என்பர். இராசத்தானத்து ஜெய்சால்மரில் சராசரி மழை 200 மி.மீ.ஐக் கூட எட்டுவதில்லை. நம் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. மழை உண்டு. ஆயினும் அம்மழையின் பெரும்பகுதி ஆவணி முதல் கார்த்திகை வரையிலான நான்கு திங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடுகிறது. பெய்ததும் நிற்பதில்லை. சரிவில் ஓடி, ஓடையில் விழுந்து, கோமுகி ஆறாகிக் கச்சிராயபாளையத்துக்கு அருகே அணையில் தேங்குகிறது. கீழேயுள்ளோர் அதைக் கொண்டு பயிரிடுவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் எங்கள் வீட்டுக் கூரைமேல் விழுந்த நீரும் அதில் இருக்கிறது என்பதை நினைத்தால் சித்திரை மாதத்தில் சற்றுப் பொறாமையும் வருவதுண்டு.

நம் முன்னோர் பாலையைத் தனியொரு நிலமாக வைக்கவில்லை. காடாகிய முல்லையும் மலையாகிய குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் விளக்கியிருக்கிறார். தொல்காப்பியரும் நண்பகலையும் வேனிலையும் பாலைக்கு உரியவையாக்கி, பின்பனியையும் உடன் சேர்த்தார். பின்பனி என்பது மாசியும் பங்குனியும். எங்கள் மலையின் பாலை தொடங்குவதும் சரியாக மாசியின் பிற்பகுதியில்தான். மழை பெய்து, வெள்ளம் புரண்டு, மூன்றே திங்களில் மண் வெடிக்கும் இந்த நிலத்தில் தோட்டமிடுவதற்கும் மணற்பாலையில் தோட்டமிடுவதற்கும் வேறுபாடு அதிகமில்லை என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம்.

பணியின் நிமித்தம் நாங்கள் குடும்பத்தோடு கரியாலூருக்கு வந்தது 2015 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். அப்போது இது விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது 2019 நவம்பரில். ஓட்டு வீடு, சுற்றிலும் ஏறத்தாழ ஐந்து சென்ட் சரிவான செம்மண் நிலம். சமவெளியில் வளர்ந்த எங்களுக்கு அந்த மண்ணைக் கண்டதும் கைகள் துறுதுறுத்தன. சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக நீளநீளமாய்ப் பாத்தி கட்டினோம். பார்க்க அழகாயிருந்தது. அவ்வாண்டுக் கார்த்திகையில் வட தமிழ்நாடு முழுவதையும் மூழ்கடித்த பெருமழையில் அந்தப் பாத்திகளே வாய்க்கால்களாயின. மேல்மண்ணும் எருவும் நாற்றும் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தன. நீரைத் தடுக்கக் குறுக்கே வரப்பு வேண்டும் என்பதை ஊரில் எந்தச் சிறுவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான், நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு சரிவுக்குக் குறுக்காகக் கல்லடுக்கி வரப்பிட்டோம். நீர் வந்தால் பிடித்து வைக்க எல்லாம் ஆயத்தம், நீர்தான் வரவில்லை. 2016 ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பில் பாதியளவு கூடப் பெய்யாமல் பொய்த்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பட்டன. எங்கள் தெருக் குழாயில் மாசி மாதமே நீர் நூலாய் வடிந்தது. அரை மைல் தொலைவிலிருந்த ஊற்றில் பாறையிடுக்கில் கசிவதை அகப்பையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும்.

அந்தக் கோடையில் எங்கள் கொல்லையில் பன்னிரண்டு கத்தரி, எட்டு மிளகாய், இரண்டு பாத்தி கீரை, தக்காளி, பந்தலேறிய பீர்க்கு ஒன்று, இவ்வளவும் இருந்தன. விட மனமில்லை. காய்ப்பில் இருக்கும் செடியை யார்தான் விடுவர்? பங்குனிக் கடைசியில் ஒருநாள் எங்கள் மகள் படித்த பள்ளியின் ஆசிரியை வழியில் கண்டு, "பிள்ளைக்கு உடல்நலம் சரியில்லையா?" என்று விசாரித்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளை. ஒரே மாதத்தில் பதினோரு நாள் தாமதமாகச் சென்றிருக்கிறாள். விடியுமுன் ஊற்றுக்குப் போய் வீட்டுக்கு ஒரு குடம் கொண்டு வருவது அவளுக்கு இட்ட வேலை. அவளாகவே இரண்டாம் முறையும் போய்த் தோட்டத்துக்கு இன்னொரு குடம் கொண்டு வந்திருக்கிறாள். கேட்டபோது, "கத்தரி வாடுதேப்பா" என்றாள். நிரம்பிய குடம் 15 கிலோவுக்குக் குறையாது. அந்தக் கத்தரிக்காயைக் குழம்பில் கண்டபோது எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அயல்வீட்டில் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். அவர் கொல்லையை அதுவரை நாங்கள் தோட்டமாகவே மதித்ததில்லை. அன்று மாலை மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். முருங்கை இரண்டு, சீத்தா ஒன்று, கறிவேப்பிலை, அகத்தி, சுண்டை. பாத்திரம் துலக்கும் கல்லருகே ஒரு வாழைக்குத்தும் சேம்பும். வேலியில் பிரண்டையும் தூதுவளையும். திறந்த பாத்தி ஒன்று கூட இல்லை. அவரை படர்ந்திருந்த இடத்திலும் கீரை விளைந்த இடத்திலும் சாமைத் தாளும் சருகும் முழங்கை உயரத்துக்கு மூடிக் கிடந்தன.

"பாத்தியெல்லாம் எங்கே பாட்டி?" என்று மகள் கேட்டாள்.

"மண்ணு தூங்குது கண்ணு. இப்ப எழுப்பக் கூடாது" என்றார் பாட்டி.

வீடு திரும்பிய பின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதை முதலிலேயே போட்டிருக்கலாம். கடுங்கோடையில் பயிருள்ள நிலத்திலிருந்து, மண் வழியாகவும் இலை வழியாகவும், ஒரு நாளில் ஏறத்தாழ 6 மி.மீ. நீர் ஆவியாகிறது. சதுர மீட்டருக்கு 6 லிட்டர் என்று பொருள். ஐந்து சென்ட் ஏறத்தாழ 200 சதுர மீட்டர். அவ்வளவிலும் காய்கறி பயிரிட்டால் நாளொன்றுக்கு 1,200 லிட்டர், அதாவது 80 குடம் நீர் வேண்டும். எங்கள் ஐவர் கொண்ட வீட்டில் அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், பாத்திரம் அலசிய நீர், குளித்த நீர் ஆகியவற்றுள் செடிக்கு ஆகக்கூடியதைப் பிடித்து அளந்தபோது 60 லிட்டர் வந்தது. அது 10 சதுர மீட்டருக்குத்தான் காணும். ஒரு சென்ட்டில் கால் பங்கு! ஐந்து சென்ட் நிலத்துக்கு உடையவர் என்று எண்ணியிருந்த நாங்கள் கோடையில் கால் சென்ட்டுக்கே உடையவர் என்பது அன்று விளங்கியது.

அன்று முதல் எங்கள் தோட்டக்கலை தலைகீழாக மாறிவிட்டது. முன்பு ஆடியில் எதை விதைக்கலாம் என்று தொடங்குவோம். இப்போது சித்திரையில் எது நிற்கும் என்று தொடங்கி, பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருகிறோம். எங்கள் ஆண்டு மாசிக் கடைசியில் பிறக்கிறது.

மாசியின் கடைசிக் கிழமையில் கொல்லையைச் சுற்றி வந்து, எவற்றைக் காப்பது, எவற்றை விடுவது என்று முடிவு செய்கிறோம். ஆண்டிலேயே கடினமான வேலை இது. கடப்பாரை பிடிப்பதை விடக் கடினம். காய்ப்பு ஓய்ந்த அவரையும் தக்காளியும் எளிதில் போகும். கத்தரிதான் சோதிக்கும், அது இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். மூன்று செடியை வைத்துக்கொண்டு மற்றவற்றை வேரோடு பிடுங்காமல் தரையோடு வெட்டுகிறோம். வேர் மண்ணுக்குள்ளேயே மட்கினால் அந்தத் துளைகளின் வழியே அடுத்த மழை உள்ளிறங்கும். வெட்டிய தழையை அங்கேயே பரப்பி, அதன்மேல் சாமைத் தாளும் சருகும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் மூடுகிறோம். மூடாக்கு மரத்தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்க வேண்டும். தொட்டால் கறையான் ஏறும். நாங்கள் ஒரு நெல்லிக் கன்றை அவ்வாறு இழந்தோம்.

சித்திரை, வைகாசியில் தோட்டம் என்பது மரமே. இரண்டு ஆண்டு பேணி வேரூன்றச் செய்த முருங்கை, சீத்தா, கறிவேப்பிலை ஆகியவை மேலே சொன்ன குடக்கணக்குக்கு வெளியே நிற்பவை. முருங்கையோ நீர் மிகுந்தால் பூவை உதிர்த்துவிடும். காய்ந்த கோடையில்தான் அதன் காய்ப்பு. சீத்தா வேறு வகை. கோடையில் இலையுதிர்த்து மொட்டையாக நின்று, புதுத் தளிரோடும் பூவோடும் விழித்து, ஆவணி, புரட்டாசியில் பழம் தரும். சோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இராசத்தானத்து உழவர்களுக்குப் பரிந்துரைத்த பழமரங்களுள் முதன்மையானது நம் வேலியோரத்து இலந்தையே. காட்டு இலந்தையின் வேர்ச்செடியில் கோலா, சேப் போன்ற நல்ல வகைகளின் மொட்டைக் கட்டி வளர்க்கின்றனர். அதுவும் கடுங்கோடையில் இலை உதிர்த்து உறங்கும் மரம். பனிக்காலத்தில் பழம் தருவது. பாட்டி சொன்ன உறக்கத்தை அங்கே ஆராய்ச்சியாளரும் கண்டிருக்கின்றனர்.

முருங்கையில் விதையால் வளரும் செடிமுருங்கை நல்லதா, போத்து நட்டு வளர்க்கும் மரமுருங்கை நல்லதா என்று கேட்பவர் உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989 இல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை விதைத்த ஆறே திங்களில் காய்க்கிறது. மூன்று நான்கு முழ நீளத்துக்கு அல்ல என்றாலும் நல்ல நீளக் காய். வணிகத்துக்கு அதுவே ஏற்றது. வீட்டுக்கென்றால் நாங்கள் போத்தின் கட்சி. பாட்டி வீட்டு மரத்திலிருந்து வெட்டி நட்ட போத்து இன்றும் நிற்கிறது. அதன் காய்ச் சுவைக்கு மற்றது ஈடாகாது.

அக்கினி நட்சத்திரத்துக்கு நடுவே ஓரிரு கோடைமழை பெய்வதுண்டு. அன்று விதைக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஈரத்தில் புது மரங்களுக்கான குழிகளை வெட்டுகிறோம். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். குழி ஒரு மாதம் வெயிலில் கிடந்து ஆறிய பின், மேல்மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, நடவுக்குப் புரட்டாசி வரை காத்திருக்கும்.

ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று. பப்பாளியைச் சாய்ப்பதும் முருங்கைக் கிளையை முறிப்பதும் இக்காற்றே. ஆதலால் காய்ப்பு முடிந்தவுடன் முருங்கையைத் தலைதட்டிவிடுகிறோம். மேற்கு வேலியில் நொச்சியும் ஆடாதோடையும் நெருங்க வளர்த்திருக்கிறோம். இரண்டையும் ஆடு கடிப்பதில்லை. காற்றைத் தணிக்கும், தழையுரமாகும், சளிக்கும் இருமலுக்கும் கைகொடுக்கும். இவ்வளவு பயனும் காசின்றிக் கிடைப்பதாலோ என்னவோ, வீட்டைச் சுற்றிக் கம்பிவேலி போடுவதே இன்று பெருமையாகிவிட்டது. குரங்குக்கு எந்த வேலியும் வேலியில்லை. அதற்கு இதுவரை எங்களிடம் மருந்தில்லை.

ஆடிப்பட்டம் வந்ததும் மூடாக்கை விலக்கிப் பார்த்தால் மண் கருத்து, பொலபொலவென்று, மண்புழுக் கழிவோடு இருக்கும். முதல் ஆண்டு அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது இது எங்கள் நிலம்தானா என்ற ஐயமே வந்தது. அவரை, மொச்சை, பீர்க்கு, பாகல், புடல், பரங்கி ஆகியவற்றை இம்மாதம் ஊன்றுகிறோம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுவிடுவதும் இப்போதே. ஆவணி, புரட்டாசியில் பெரும்பாலும் மாலை இடிமழை உண்டு. முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை ஆகியவற்றைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சிறுசிறு பாத்தியாகத் தெளித்தால் வீட்டில் கீரைக்குப் பஞ்சமில்லை. இந்த நான்கைந்து திங்களில் ஐந்து சென்ட்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வானம் தரும்போது வாங்கிக்கொள்வதில் கஞ்சத்தனம் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை நீரை வடிப்பதும் சேர்ப்பதும். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சிந்தியதும் ஓட்டில் ஊறியதும் போக 700 லிட்டராவது கைக்கு வரும். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பர். அப்போது வைத்த குழாய்களுள் எத்தனை இன்று குப்பையால் அடைபட்டுக் கிடக்கின்றன என்பதை அவரவர் வீட்டு மாடியில் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் கூரைநீரில் ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்து, மிஞ்சியதைக் கல்வரப்புக்கு மேற்புறம் வெட்டிய நீளக் குழிகளில் இறக்குகிறோம். அந்தக் குழிகளுக்குக் கீழே நிற்கும் மரங்கள் கோடையில் மற்றவற்றை விட மூன்று கிழமை பிந்தியே வாடுகின்றன. இதே மாதங்களில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அடையும். மாலையில் பந்தம் கொளுத்திக் காட்டுவர்; மரப்பட்டை கருகாமல் காட்டத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது.

மார்கழியும் தையும் தோட்டத்தின் திருவிழா நாட்கள். ஆடியில் ஊன்றிய அவரை, பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் பூக்கும். இரவு குளிர்ந்தால்தான் தக்காளியும் பிஞ்சு பிடிக்கும். கோடை வெப்பத்தில் பூவெல்லாம் உதிரும். சித்திரையில் தக்காளிக்கு நீரூற்றி மாய்ந்த எங்கள் பழைய அறியாமையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவரையில் அசுவினி கண்டால், காலைப் பனி காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுகிறோம். விறகடுப்பு இல்லாத வீட்டார் பூச்சி அடைந்த நுனியைக் கிள்ளி எறிவதே போதும்.

மீண்டும் மாசி வருகிறது. கால் சென்ட்டுக்குள் அடங்கும் வேளை வருகிறது. அந்தக் கால் சென்ட்டில் கீரையும் மூன்று கத்தரியும் ஒரு கொடியும் தப்பிப் பிழைக்க எங்களுக்கு உதவுவது மண்குடம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செய்து பார்த்துத் தோற்றவர்கள் பலர் இருக்கின்றனர், எங்களையும் சேர்த்து.

10 லிட்டர் கொள்ளும் மண்குடம் ஒன்றைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுகிறோம். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசியும். வெளிமண் காய்ந்திருந்தால் இழுத்துக்கொள்ளும். ஈரமாயிருந்தால் கசிவு தானே குறையும். வேர் குடத்தைத் தேடி வந்து சுற்றிக்கொள்ளும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் களையும் இல்லை, வெயில் உறிஞ்சுவதும் இல்லை. இது புதிய கண்டுபிடிப்பன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் சீனத்தில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலிலேயே புதைத்த குடத்தைச் சுற்றி முலாம் கொடி வளர்க்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் கர்னாலிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் இம்முறையைச் சோதித்து எழுதினர்.

நாங்கள் செய்த முதற்பிழை, பொங்கலுக்கு வந்த வண்ணம் பூசிய குடங்களை வாங்கியது. வண்ணம் துளைகளை அடைத்துவிட, ஒரு வாரமாகியும் நீர் குறையவில்லை, செடி வாடியது. குடம் பூச்சில்லாததாக இருக்க வேண்டும். வாங்கும்போது நீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தால் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். இரண்டாம் பிழை, நட்ட நாளிலிருந்தே குடத்தை நம்பி மேலே நீர் ஊற்றாமல் விட்டது. நாற்றின் வேர் குடத்தை எட்டும் வரை, ஏறத்தாழ இரண்டு கிழமை, செடியருகே ஒரு குவளை நீர் நாள்தோறும் விட வேண்டும். குடத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலக்கி நட்டால் பயனில்லை. ஒரு குடத்தைச் சுற்றி நான்கு கத்தரி, அல்லது இரண்டு கொடி. மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் எங்கள் மண்ணுக்குப் போதுமானதாக இருக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் இன்னும் அடிக்கடி நிரப்ப நேரும். வாயை ஓட்டுச்சில்லால் மூடாவிட்டால் கொசு முட்டையிடும். டெங்குக் காய்ச்சலை நாமே வளர்த்தவர்களாவோம். ஓரிரண்டு ஆண்டில் துளைகள் உப்பால் அடைபடும். தோண்டியெடுத்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் ஓரளவு மீளும்; மீளாத குடத்தை உடைத்து வடிகாலில் இடலாம்.

கழுவுநீர் பற்றி ஒரு சொல். பாட்டியின் காலத்தில் பாத்திரத்தைச் சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கினர். அந்த நீர் எந்தச் செடிக்கும் ஆகும். இன்றைய சலவைத்தூளில் சோடிய உப்பு மிகுதி. நாள்தோறும் ஊற்றினால் மண் இறுகிச் செடி கருகும். சோப்பு நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் விட்டுவிட்டு, அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் மட்டுமே குடத்துக்கும் கீரைக்கும் கொள்கிறோம். வாளி இரண்டு வேண்டும். பிரித்துப் பிடிக்கும் பழக்கம் வீட்டார் எல்லாருக்கும் வேண்டும். வாளி வாங்கியது ஒரே நாளில். பழக்கம் வர ஓராண்டாயிற்று.

எங்கள் உறவினர் ஒருவர் குவைத்தில் பணிபுரிகிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 120 மி.மீ. மழை பெறும் உண்மைப் பாலை அது. 2016 சூலையில் அந்நாட்டின் மித்ரிபா என்னுமிடத்தில் வெப்பம் 53.9 பாகை செல்சியசு வரை ஏறியது. அங்கும் மாடிமுகப்பில் பத்துத் தொட்டி வைத்து வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் தக்காளியும் வளர்க்கிறார். எப்போது விதைப்பீர்கள் என்று கேட்டோம். ஐப்பசியில் தொடங்கிப் பங்குனியோடு முடித்துவிடுவாராம். கோடை முழுவதும் தொட்டி மண்ணை மூடி வெயிலில் போட்டுவிடுவார்; வெப்பத்தில் பூச்சியும் நோயும் சாகும். அவருக்கு ஆறு திங்கள் பாலை, எங்களுக்கு நான்கு. பாட்டியைப் பற்றிச் சொன்னபோது, "அந்தப் பாட்டி இங்கேயும் பிழைத்துக்கொள்வார்" என்றார்.

பாட்டி மறைந்து இரண்டு ஆண்டாயிற்று. அவர் கொல்லையிலிருந்து ஒடித்து வந்த பிரண்டை எங்கள் வேலியை முழுவதும் பற்றிக்கொண்டது. மகள் இப்போது சமவெளியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். சென்ற மாசியில் விடுமுறைக்கு வந்திருந்தாள். கத்தரியை வெட்டும் நாள் என்று தெரிந்ததும் அரிவாளை அவளே எடுத்துக்கொண்டாள். பூவும் பிஞ்சுமாயிருந்த ஒன்பது செடிகளைத் தரையோடு வெட்டிப் பரப்பினாள். நாங்கள் சாமைத் தாளைச் சுமந்து வந்து மூடினோம். எஞ்சிய மூன்று கத்தரிக்கு நடுவே புதைத்த குடத்தின் ஓட்டுச்சில்லை நீக்கி எட்டிப் பார்த்து, "பாதிக்கு மேலே இருக்குப்பா. நாளைக்கு ஊத்தினாப் போதும்" என்றாள். மறுநாள் காலை அவள் எழுமுன் அரிசி களைந்த நீரை ஊற்றிவிட்டோம்.